இங்கிலீஷ் டவுட்டோட வர்ற பிள்ளைங்களுக்கு எப்டி சொல்லித்தரலாம்

தம்பியோ தங்கச்சியோ பக்கத்து வீட்டு பிள்ளையோ, யாராவது இங்கிலீஷ்ல ஒரு டவுட்னு வந்து நின்னா நம்ம கை முதல்ல போறது பதிலுக்கு தான். 'ஹேவ் இல்லம்மா, ஹேஸ் போடு'ன்னு சொல்லிடுவோம், அவங்களும் அழிச்சிட்டு எழுதிப்பாங்க, அடுத்த வாரம் அதே தப்போட திரும்ப வருவாங்க. நானும் ரொம்ப வருஷம் இப்டி தான் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். அப்புறம் ஒரு பொண்ணோட ரெண்டு நோட்டை பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தப்ப தான் புரிஞ்சுது, அவ தப்பு எதுவும் சும்மா வந்ததே இல்ல, ஒவ்வொன்னுக்கு அடியிலயும் சுத்தமான ஒரு தமிழ் வாக்கியம் உக்காந்துட்டு இருக்கு. அதை தோண்டி எடுத்து அவ கண்ணு முன்னால வெச்சா போதும், அந்த தப்பு அப்புறம் வர்றது குறைஞ்சிடும். நான் கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வந்தது தான்.

முதல் வேலை, முழு வாக்கியத்தையும் வாங்குறது. 'ரன்னுக்கு என்ன அர்த்தம்'னு கேட்டா பதிலே சொல்லாதீங்க, எங்க பாத்த, அந்த வரிய படி, அதுக்கு முன்னாடி வரி என்ன, அப்டின்னு கேளுங்க. ஓடுறதா, கடை நடத்துறதா, மூக்கு ஒழுகுறதா, எலெக்‌ஷன்ல நிக்கிறதா, எல்லாத்துக்கும் அதே ரன் தான். ரெண்டாவது வேலை, அவங்களே எழுதின வாக்கியமா இருந்தா 'நீ என்ன சொல்ல நெனச்ச, தமிழ்ல சொல்லு'ன்னு கேக்குறது. நிறைய பேர் இங்கிலீஷ் சொல்லித் தரும்போது தமிழே வாயில வரக்கூடாதுன்னு பிடிவாதமா இருப்பாங்க. பேசி பழகுற நேரத்துக்கு அது சரி. ஆனா ஒரு தப்பை சரி பண்ற அந்த அஞ்சு நிமிஷத்துக்கு தமிழ் தான் டார்ச் லைட்.

உதாரணத்துக்கு 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்'. இதை எழுதாத பிள்ளைய நான் பாத்ததில்ல. தமிழ்ல என்ன? 'ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்'. 'இருக்கேன்' நிகழ்காலம், அதனால ஆம். 'வருஷமா'ல இருக்கற அந்த 'ஆ'வுக்கு சின்ஸ். அவங்க கணக்குல எல்லாம் கச்சிதமா பொருந்திடுச்சு. இங்க சொல்ல வேண்டியது என்னன்னா, தமிழ் இப்போதைக்கு இருக்கறத மட்டும் பாத்து நிகழ்காலம் போடுது, இங்கிலீஷ் ஆரம்பிச்ச நாளையும் இன்னைக்கு நாளையும் சேத்து ஒரு பாலம் போட சொல்லுது, அந்த பாலம் தான் 'ஹேவ் பீன்'. அப்புறம் ஒரு கோடு போட்டு காட்டுங்க, கோட்டோட ஆரம்பப் புள்ளிய சொன்னா சின்ஸ், கோட்டோட நீளத்தை சொன்னா ஃபார். 'சின்ஸ் மண்டே', 'ஃபார் த்ரீ டேஸ்'. கோடு போட்டு காட்டினா ஒரு தடவையில மனசுல நிக்குது, பிரசன்ட் பெர்ஃபெக்ட்னு பேர் சொல்லி ஆரம்பிச்சா பாதி பேர் அப்பவே காதை மூடிக்கிறாங்க.

அதே குடும்பத்துல இன்னொன்னு, 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே'. 'நேத்து அவனை எங்கயோ பாத்திருக்கேன்'னு தமிழ்ல சொல்லலாம், ஒரு குறையும் இல்ல. இங்கிலீஷ்ல எஸ்டர்டே மாதிரி முடிஞ்சு போன நேரத்தை வாயைத் திறந்து சொல்லிட்டா ஹேவ் வரக்கூடாது, 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' தான். நேரம் சொல்லலைன்னா 'ஐ ஹேவ் சீன் ஹிம்' தாராளமா போடலாம்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச ஒன்னு. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் த ஆன்சர்', 'ஐ ஆம் வான்ட்டிங்' இந்த மாதிரி ஐஎன்ஜி ஒட்டக் கூடாத இடத்துல ஒட்டுறது. புத்தகத்துல ஸ்டேட்டிவ் வெர்ப்னு ஒரு நீளமான லிஸ்ட் குடுத்து மனப்பாடம் பண்ண சொல்லுவாங்க. லிஸ்ட் வேணாம், தமிழ்ல சொல்லிப் பாக்க சொல்லுங்க. எனக்கு தெரியும், எனக்கு பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு புரியுது, எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க. எல்லாமே 'நான்'ல ஆரம்பிக்காம 'எனக்கு'ல ஆரம்பிக்குது பாருங்க! 'எனக்கு'ல ஆரம்பிக்கிற விஷயம் நம்ம செய்யற வேலை கிடையாது, நம்ம கிட்ட இருக்கற நிலைமை, அதுக்கு இங்கிலீஷ்லயும் பெரும்பாலும் ஐஎன்ஜி வராது. நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், ஹேவ். உடனே கெட்டிக்கார பிள்ளை ஒன்னு கேக்கும், அப்ப 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' எப்டி சரின்னு. அதையும் தமிழ்ல சொல்ல சொல்லுங்க, 'நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்', அங்க 'நான்' வந்துடுச்சு, அது வேலை, அதனால ஐஎன்ஜி சரி. இது நூத்துக்கு நூறு ரூல் இல்ல, 'நான் நம்புறேன்'ல நான் வருது ஆனா பிலீவ் ஐஎன்ஜி வாங்காது, அதையும் மறைக்காம சொல்லிடுங்க. ஆனா தடுமாறுற பிள்ளைக்கு கைய பிடிச்சு கூட்டிட்டுப் போக இது நல்ல வழி, தன் மொழியில ஏற்கனவே இந்த அறிவு இருக்குன்னு தெரியும்போது அவங்க முகத்துல வர்ற சந்தோஷத்தை நீங்களே பாப்பீங்க.

மூணாவது ஆளுக்கு வர்ற அந்த 'எஸ்', ஹி கோஸ், ஷி ஈட்ஸ், இதுக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேணாம். தமிழ்ல போறேன், போற, போறான், போறாங்கன்னு ஆளுக்கு ஒரு வால் இருக்கு, இங்கிலீஷ்ல ஒரே ஒரு ஆளுக்கு தான் வால் மிச்சம்னு சொன்னா போதும். கஷ்டம் 'டஸ் நாட் கோஸ்', 'டிட் நாட் வென்ட்'ல தான். ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு சாவி, அதை டஸ் வாங்கி வெச்சுகிட்டா பின்னாடி வர்ற வெர்ப் வெறும் கையோட தான் நிக்கணும், டிட்டுக்கும் அதே தான். இப்டி சொல்லி பத்து வாக்கியம் வாயால மாத்த சொல்லுங்க, எழுத வேணாம்.

'இஸின்ட் இட்' பத்தியும் சொல்லணும். 'நீ வர்ற, இல்லையா?' 'அவங்க போயிட்டாங்க, இல்லையா?' தமிழ்ல எல்லா இடத்துக்கும் ஒரே இல்லையா, அதனால எல்லாத்துக்கும் இஸின்ட் இட். இங்கிலீஷ் முன்னாடி வந்த வெர்ப்பை திருப்பி கேக்குது, 'யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ'. இதோட ஒட்டின இன்னொரு குழப்பம் தான் உண்மையிலயே ஆபத்தானது. 'டிட்ன்ட் யூ ஈட்?'னு கேட்டா, சாப்பிடாத பிள்ளை 'எஸ்'ங்கும். தமிழ்ல 'சாப்பிடலையா?' 'ஆமா, சாப்பிடல', அது கேள்விய ஒத்துக்கிறது. இங்கிலீஷ் கேள்விய கண்டுக்காது, நடந்தத மட்டும் பாக்கும், சாப்பிடலைன்னா நோ தான். டாக்டர் கிட்டயோ இன்டர்வியூலயோ இந்த ஒரு வார்த்தை தலைகீழா போயிடும், அதனால இதை பரிட்சைக்கு வராட்டியும் சொல்லிக் குடுங்க.

ப்ரெபொசிஷன் தான் எல்லாரும் பயப்படுற இடம். பயத்துக்கு காரணம் சின்னது, நம்ம ஒரு 'ல' வெச்சு வாழ்க்கைய ஓட்டுறோம். வீட்டுல, மேசைல, பெட்டில, பஸ்ல வந்தேன், பேனால எழுதினேன். இங்கிலீஷ்ல அட் ஹோம், ஆன் த டேபிள், இன் த பாக்ஸ், பை பஸ், வித் எ பென். ஒரு 'ல'வுக்கு அஞ்சு கதவு. பிள்ளைங்க எல்லாத்துக்கும் இன் போடுறது சோம்பேறித்தனம் இல்லைங்க, அவங்க கிட்ட இருக்கறது ஒரு சாவி தான். அதே மாதிரி 'என் மேல கோவம்'ல இருக்கற மேல தான் 'ஆங்க்ரி ஆன் மீ' ஆகுது, சரியானது ஆங்க்ரி வித் மீ. 'கணக்குல நல்லா பண்ணுவான்'ல இருந்து குட் இன் மேத்ஸ், வேண்டியது குட் அட். 'அதைப் பத்தி விவாதிச்சோம்'ல இருந்து டிஸ்கஸ் அபவுட், ஆனா டிஸ்கஸ்ங்கற வார்த்தைக்குள்ளயே அந்த 'பத்தி' இருக்கு, தனியா அபவுட் வேணாம். 'வீட்டுக்கு போய் சேந்தேன்'ல இருக்கற 'கு' தான் ரீச்ட் டு ஹோம், அங்க டு வராது. இதுக்கெல்லாம் ரூல் தேடி அலைய வேணாம், வார்த்தையையும் அது கூட வர்ற ப்ரெபொசிஷனையும் ஒரே வார்த்தையா ஒட்டி நோட்டுல எழுத சொல்லுங்க, ஆங்க்ரி-வித், குட்-அட், மேரீட்-டு, அஃப்ரெய்ட்-ஆஃப். தனித்தனியா படிச்சா தனித்தனியா தான் ஞாபகம் வரும்.

ஆர்ட்டிகிள்ல ஏ, ஆன் வித்தியாசம் எழுத்துல இல்ல, காதுல இருக்கு. ஆன் அவர், ஆன் ஹானஸ்ட் மேன், ஆனா எ யுனிவர்சிட்டி, எ யூரோப்பியன். உயிரெழுத்து பாத்து போடுன்னு சொல்லிக் குடுத்த பழக்கம் தான் இங்க கவுத்து விடுது, வாயால சொல்லிப் பாருன்னு சொல்லுங்க. 'த' எங்க வரும்னு கேட்டா, கேக்கறவங்களுக்கு எதை சொல்றோம்னு தெரியுமா தெரியாதான்னு யோசிக்க சொல்லுங்க. கதை சொல்லும்போது 'ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு'ன்னு தான ஆரம்பிப்போம், முதல் தடவை எ கிங், ரெண்டாவது தடவை த கிங். இது எல்லா இடத்துக்கும் பத்தாது, ஆனா முக்கால்வாசி தூரம் கொண்டு போய் விட்டுடும்.

அடுத்தவங்க சொன்னத நம்ம வார்த்தையில சொல்ற ரிப்போர்ட்டட் ஸ்பீச்ல மாட்டிக்கிறதும் நம்ம 'னு'னால தான். 'அவன் வரேன்னு சொன்னான்', இதுல 'வரேன்' அவன் வாயில இருந்து வந்த வார்த்தை, நம்ம 'னு' கிட்டத்தட்ட மேற்கோள் குறி மாதிரி, உள்ள இருக்கறத தொடாது. அதனால தான் 'ஹி செட் தட் ஐ ஆம் கமிங்'னு வருது, கேக்கறவங்க நீ தான் வர்றியான்னு நெனச்சுப்பாங்க. தட் போட்டுட்டா நம்ம பக்கம் நின்னு சொல்லணும், 'ஹி செட் தட் ஹி வாஸ் கமிங்'. காலம் ஒரு படி பின்னால போறது எதுக்குன்னா, அவன் சொன்னது முடிஞ்சு போன நேரம். 'இஃப் இட் வில் ரெயின்' கூட இப்டி தான், 'மழை வந்தா'ல வருங்காலமே இல்ல பாரு, இங்கிலீஷ்லயும் இஃப் பக்கத்துல வில் வேணாம்னு சொன்னா முடிஞ்சுது, 'இஃப் இட் ரெயின்ஸ்'.

திருத்துற முறை பத்தி ஒரு விஷயம் மனசார சொல்றேன். ஒரு பக்கத்துல இருபது தப்பு இருந்தா இருபதையும் சிவப்புல வட்டம் போடாதீங்க. அந்த பக்கத்தை திரும்ப பாக்கவே அந்த பிள்ளைக்கு கை வராது. நான் ஸ்கூல்ல படிக்கும்போது அப்டி ஒரு கட்டுரை சிவந்து போய் வந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எனக்கு நிச்சயமா தெரிஞ்ச குட்டி குட்டி வாக்கியம் மட்டும் தான் எழுதினேன், தப்பு வரல, ஆனா எழுத்தும் வளரல. இன்னைக்கு ஒரு வகை தப்பை மட்டும் எடுங்க, காலம் மட்டும், இல்ல ஆர்ட்டிகிள் மட்டும். அதுவும் நீங்க திருத்த வேணாம், வரிக்கு பக்கத்துல ஒரு புள்ளி மட்டும் வெச்சு 'இந்த வரியில ஒன்னு இருக்கு, தேடு'ன்னு குடுத்துட்டு சும்மா இருங்க. அந்த சும்மா இருக்கறது தான் கஷ்டம். பிள்ளை முழிக்கும், நமக்கு வாய் துறுதுறுங்கும், பொறுத்துக்கங்க, தானா கண்டுபிடிச்ச தப்பு மறக்காது. ஒரு தனி நோட்டு போட்டு இடது பக்கம் தமிழ் வாக்கியம், நடுவுல அவங்க எழுதின தப்பு, வலது பக்கம் சரியானது, இப்டி மூணு கட்டம் வெச்சா ஒரு மாசத்துல அவங்களுக்கே தன் தப்போட முகம் தெரிஞ்சிடும்.

டிக்‌ஷனரி வாங்குறதா இருந்தா கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட லர்னர்ஸ் டிக்‌ஷனரி வாங்குங்க. ஏ.எஸ். ஹார்ன்பின்னு ஒருத்தர் ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தவர், அங்க பிள்ளைங்க படுற கஷ்டத்தை பாத்து பாத்து உருவாக்கின அகராதி 1942ல டோக்கியோவுல வந்துச்சு, அதையே 1948ல ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் புதுசு புதுசா வந்துட்டே இருக்கு. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு யோசிச்சு பண்ணது. அதுல ஒரு பேர்ச்சொல் பக்கத்துல எண்ணக்கூடியதா எண்ண முடியாததான்னு குறிச்சிருக்கும். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், ஹோம்வொர்க் இதுக்கெல்லாம் எஸ் போடக்கூடாதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். அர்த்தத்தை மட்டும் பாத்துட்டு மூடாம, கீழ இருக்கற உதாரண வாக்கியத்தை ஒரு தடவை சத்தமா படிக்க பழக்குங்க.

சரி, இடியம், அதாவது சொல்லுக்கு சொல் அர்த்தம் பாக்க முடியாத மரபுத்தொடர். இதுல பிள்ளைங்களுக்கு ஆசை நிறைய, ஆனா பொதுவா சொல்லித் தர்ற முறை ஐம்பது இடியம் ஐம்பது அர்த்தம், மனப்பாடம். வேணாங்க. நான் தமிழ்ல இருந்து தான் ஆரம்பிப்பேன். 'அத்தி பூத்தாப்ல வர்ற'ன்னா அத்தி மரம் எங்கன்னு நீ கேப்பியான்னு கேட்டா சிரிப்பாங்க, அப்ப 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'ல நிலா எங்கன்னு தேடாதன்னு சொன்னா டக்குனு பிடிச்சுப்பாங்க. அப்புறம் இணை கண்டுபிடிக்க விடுங்க. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா அங்க ரெண்டு பறவையா மாறி இருக்கு. 'தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்', அங்க ப்ளட் இஸ் திக்கர் தன் வாட்டர். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்'ளுக்கு மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ், ரெண்டும் அறுப்பு முடிச்ச களத்துல நிக்கிற பேச்சு, நமக்கு காத்து வேணும், அவங்களுக்கு வெயில் வேணும், அவ்ளோ தான் வித்தியாசம். 'கொல்லன் தெருவுல ஊசி விக்கிற' மாதிரி அங்க நியூகாசிலுக்கு கரி கொண்டு போறது, அந்த ஊர் ஒரு காலத்துல கரி ஏத்துமதிக்கே பேர் போன துறைமுகம். கண்ணுல மண்ணைத் தூவுறதும், கை கழுவுறதும், எரியிற தீயில எண்ணெய் ஊத்துறதும் ரெண்டு மொழியிலயும் கிட்டத்தட்ட அச்சு அசலா இருக்கு.

ஆனா இங்க தான் ஜாக்கிரதை வேணும், ஒரே மாதிரி தெரிஞ்சு ஏமாத்துறதும் இருக்கு. 'புல்லிங் மை லெக்'னா சும்மா கிண்டல் பண்றது, விளையாட்டுக்கு பொய் சொல்லி நம்ப வெக்கிறது. 'காலை வாரிட்டான்'னா நம்ம நம்பின நேரத்துல கைவிட்டுட்டான். ஒன்னு சிரிப்பு, ஒன்னு துரோகம். 'எலிஃபன்ட் இன் த ரூம்'ம பாத்ததும் முழு பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுன்னு எழுதிட்டு வர்றாங்க, பூசணிக்கா பச்சையா பொய் சொல்லி மறைக்கிறது, யானை அப்டி இல்ல, எல்லாருக்கும் தெரியும், வாயத் திறக்க தான் யாருக்கும் மனசு வரல. இந்த மாதிரி ஜோடிய எடுத்து எங்க ஒட்டுது எங்க விலகுதுன்னு அரை மணி நேரம் பேச விட்டா, லிஸ்ட் மனப்பாடம் பண்றத விட அதிகமா கத்துப்பாங்க.

இடியம் எந்த தொழில்ல இருந்து வந்துச்சுன்னு பாக்கறதும் உதவும். நம்ம பழமொழில வயலும் மாடும் கிணறும் அடிக்கடி வர்ற மாதிரி, அவங்களுக்கு கடலும் கப்பலும் நிறைய. சுயரூபத்தை காட்டுறத சொல்ற ஷோ யுவர் ட்ரூ கலர்ஸ்ல கலர்ஸ்னா கப்பல் கொடி. இக்கட்டான நிலைமைய சொல்ற ஸ்டிக்கி விக்கெட், நிலைகுலைய வெக்கிறத சொல்ற ஹிட் ஃபார் சிக்ஸ் கிரிக்கெட்ல இருந்து, மத்தவங்க பண்ணதையே பண்றத சொல்ற ஃபாலோ சூட் சீட்டாட்டத்துல இருந்து. திருந்தி புதுசா ஆரம்பிக்கிறத சொல்ற டர்ன் ஓவர் எ நியூ லீஃப்ல லீஃப் மரத்து இலை கிடையாது, புத்தகத்து தாள், இது தெரியாம மரத்தை படம் வரைஞ்ச பிள்ளைங்க இருக்காங்க. ஆனா எல்லாத்துக்கும் கதை கட்டாதீங்க. கொட்டுற மழைய சொல்ற ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸுக்கு, பழைய காலத்து கூரைல இருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்துச்சுன்னு சுத்துற கதைக்கு ஆதாரமே இல்ல. அதை விட, அந்த இடியம் இப்ப எழுத்துல பழசா தெரியும்னு சொல்றது உபயோகம். கிக் த பக்கெட்டை இரங்கல் கடிதத்துல போடக்கூடாதுங்கறதும் இதே பாடம் தான், தமிழ்ல 'மண்டையப் போட்டான்'னு எழவு வீட்டுல சொல்லுவியான்னு ஒரு கேள்வி கேட்டா போதும். இன்னொன்னு, இடியம் உறைஞ்சு போன கட்டி. வெர்ப்போட காலத்தை மாத்தலாம், ரகசியத்தை உளறிட்டான்ங்கறதுக்கு ஸ்பில்ட் த பீன்ஸ், ஆளை மாத்தலாம், புல்லிங் ஹெர் லெக், ஆனா டாக்ஸ் அண்ட் கேட்ஸ்னு திருப்பிப் போடக் கூடாது.

வெர்ப்போட இன், அவுட், அப் மாதிரி ஒரு சின்ன சொல் சேந்து வர்ற ஃப்ரேசல் வெர்ப் பாத்து அழுற பிள்ளை கிட்ட 'விட்டுக்கொடு'ன்னா என்னன்னு கேளுங்க. விடுறதும் இல்ல, கொடுக்கறதும் இல்ல. 'கண்டுபிடி'யில கண்டதும் பிடிச்சதும் எங்க போச்சு? நம்ம மொழியிலயே ரெண்டு சொல் சேந்து மூணாவதா ஒரு அர்த்தம் பொறக்குது, கிவ் இன், ஃபைன்ட் அவுட் அதே வேலை தான் பண்ணுது. அதுலயும் 'அப்' பெரும்பாலும் நம்ம 'டு' மாதிரி, ஈட் அப்னா சாப்பிட்டுடு, டிரிங்க் அப்னா குடிச்சிடு, யூஸ் அப்னா தீத்துடு, வேலை முழுசா முடியணும்ங்கற அர்த்தம். எல்லா அப்பும் இப்டி இல்ல, கிவ் அப், புட் அப் வித் தனியா படிக்க வேண்டியது தான்.

இப்ப இலக்கியம். இங்க தான் நோட்ஸை வாங்கி மனப்பாடம் பண்ற பழக்கம் பிள்ளைங்கள ரொம்ப கெடுக்குது, கவிதைய படிக்காமலே கவிதையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுறாங்க. நீங்க உதவும்போது முதல்ல அர்த்தம் சொல்லாதீங்க, சத்தமா படிக்க சொல்லுங்க, வரி முடியற இடத்துல நிக்காம, கமாவும் முற்றுப்புள்ளியும் இருக்கற இடத்துல நிக்க சொல்லுங்க. பாதி குழப்பம் அங்கயே தீரும். அடுத்து, புரியாத வாக்கியத்துல யாரு, என்ன பண்ணாங்க, இந்த ரெண்டை மட்டும் தேட சொல்லுங்க. தமிழ்ல 'நேத்து மழையில நனைஞ்சுட்டே வந்த பையன்'னு விவரம் எல்லாம் பேருக்கு முன்னாடி வந்துடும், இங்கிலீஷ்ல பையன் முன்னாடி வந்துடுவான், அவனைப் பத்தின விவரம் ஹூ, விச்னு வால் மாதிரி நீண்டுகிட்டே போகும், நாலு வரி தாண்டி தான் வெர்ப் வரும். அந்த வாலை பென்சில்ல அடைப்பு போட்டு தள்ளி வெச்சா நடுவுல சின்ன வாக்கியம் ஒன்னு எட்டிப் பாக்கும்.

ஷேக்ஸ்பியர்னா பயம் வேணவே வேணாம், 1564ல இருந்து 1616 வரைக்கும் வாழ்ந்த மனுஷன், அவர் இங்கிலீஷ்ல ஒரு விஷயம் இன்னைக்கு இங்கிலீஷ்காரங்கள விட நமக்கு சுலபமா புரியும். தவ், தீ, தைன்னா நீ, உன்னை, உன். யூன்னா பல இடத்துல நீங்க. நாடகத்துல ஒரு பாத்திரம் அது வரைக்கும் யூ போட்டு பேசிட்டு திடீர்னு தவ்வுக்கு மாறினா, கோவமா, நெருக்கமா, அவமதிப்பா, ஏதோ ஒன்னு நடந்திருக்கு. நீங்கன்னு பேசிட்டு இருந்தவர் சட்டுனு நீன்னு சொன்னா நம்ம வீட்டுல எப்டி எல்லாரும் நிமிர்ந்து பாப்பாங்களோ அப்டி. இதை சொல்லிட்டு ஒரு காட்சிய குடுத்து தவ், யூ ரெண்டையும் ரெண்டு கலர்ல கோடு போட சொல்லுங்க, பிள்ளைங்களே கதைய சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க.

அர்த்தம் மாறின வார்த்தைங்க தான் உண்மையான பள்ளம், ஏன்னா தெரியாத வார்த்தைன்னா தேடுவோம், தெரிஞ்ச மாதிரி இருந்தா தாண்டிடுவோம். ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ'ன்னு கேக்கறது ரோமியோ எங்க இருக்கன்னு இல்ல, வேர்ஃபோர்னா ஏன், நீ ஏன் ரோமியோவா பொறந்த, ஏன் அந்த எதிரிக் குடும்பத்து பேர் உனக்குன்னு கேக்கறா. இதே மாதிரி ஃபான்ட்னா அப்ப முட்டாள்தனமான, ப்ரெசென்ட்லின்னா உடனே, வான்ட்னா நிறைய இடத்துல இல்லாம இருக்கறது. தமிழ்லயே 'நாற்றம்'னா ஒரு காலத்துல நறுமணம் தான, அந்த ஒரு உதாரணம் போதும் புரிய வெக்க. இன்னும் ஆர்வம் வரணும்னா, ஒத்தெல்லோவுல பொறாமைய க்ரீன் ஐட் மான்ஸ்டர்னு சொன்னதும், ரோமியோ ஜூலியட்ல, இன்னைக்கு வீண் அலைச்சலுக்கு சொல்ற வைல்ட் கூஸ் சேஸ் வர்றதும் காட்டுங்க, இன்னைக்கு பேச்சுல இருக்கற இடியம் அந்த நாடகத்துல உயிரோட நிக்கிறத பாத்தா இலக்கணமும் இலக்கியமும் தனித்தனி பாடம் இல்லைன்னு அவங்களுக்கே தோணும்.

அணி எல்லாம் தமிழ் வகுப்புல ஏற்கனவே படிச்சது தான். போல வந்தா உவமை, லைக், ஆஸ் வந்தா சிமிலி. போல இல்லாம அதுவே இதுன்னா உருவகம், மெட்டஃபர். மோனை அலிட்டரேஷனுக்கு பக்கம். ஆனா ரைம்னா எதுகைன்னு எழுதுறது தப்பு, எதுகை ரெண்டாவது எழுத்து ஒன்றி வர்றது, அடியோட கடைசில ஒலி ஒத்து வர்ற ரைமுக்கு இயைபு தான் கிட்ட வரும். சந்தத்துக்கும் ஒரு வித்தியாசம் சொல்லணும், நம்ம அசை குறில் நெடில்ல நிக்குது, அவங்களது அழுத்தத்துல நிக்குது. சானட்னு ஒரு கவிதை வடிவம், அதுல பதினாலு வரி, வரிக்கு பெரும்பாலும் பத்து அசை, அதுல அஞ்சு இடத்துல அழுத்தம், மேசையில தட்டி தட்டி படிச்சா தான் அது காதுல விழும்.

கவனமா படிக்க வெக்க எனக்கு உதவுற கவிதை அமெரிக்க கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டோட 'த ரோட் நாட் டேக்கன்', 1916ல வந்த தொகுப்புல முதல் கவிதை. எல்லா பிள்ளையும் 'யாரும் போகாத வழிய தேர்ந்தெடுத்தா ஜெயிக்கலாம்'னு எழுதுவாங்க, நோட்ஸ்லயும் அப்டி தான் இருக்கும். நான் ரெண்டாவது, மூணாவது பத்திய மட்டும் திரும்ப படிக்க சொல்லி, ரெண்டு பாதையும் எவ்ளோ தேஞ்சிருந்துச்சுன்னு கவிதை சொல்லுதுன்னு மட்டும் கேப்பேன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேஞ்சது, அன்னைக்கு காலையில ரெண்டுலயும் காலடி படாத இலை தான் கிடந்துச்சுன்னு கவிதையே சொல்லுது. அப்ப கடைசில பேசுறவர் ஏன் பெருமூச்சோட வேற மாதிரி சொல்லப் போறேன்னு சொல்றார்? இதுக்கு நான் பதில் குடுக்க மாட்டேன். பத்து நிமிஷம் ஆகும், சண்டை கூட வரும், அந்த பத்து நிமிஷம் தான் இலக்கிய வகுப்பு.

பதில் எழுதும்போது மூணு பழக்கம் போதும். சொல்ற ஒவ்வொரு கருத்துக்கும் பாடத்துல இருந்து ஒரு சின்ன சொற்றொடர், முழு வரி கூட வேணாம், அப்புறம் அதுல எந்த வார்த்தை அந்த வேலைய பண்ணுதுன்னு ஒரு வரி. கவிஞர் சொல்றார்னு எழுதாம, கவிதையில பேசுறவர் சொல்றார்னு எழுதணும், ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல. கதைய விவரிக்கும்போது நிகழ்காலம், ஜூலியட் செட்னு இல்லாம ஜூலியட் செய்ஸ். தீம் கேட்டா காதல்னு ஒத்த வார்த்தையில முடிக்காம, காதலைப் பத்தி இந்த கதை என்ன சொல்லுதுன்னு முழு வாக்கியமா எழுத வைங்க.

அவங்களுக்காக நீங்க எழுதிக் குடுக்கறது மட்டும் வேணாம், நாளைக்கே சப்மிட் பண்ணணும்னு கண்ணுல தண்ணியோட வந்தாலும் வேணாம். பக்கத்துல உக்காந்து 'முதல் வரி தமிழ்ல சொல்லு, சேந்து மாத்தலாம்'னு ஆரம்பிங்க. அவங்க கேட்டதுக்கு உங்களுக்கு பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு, அவங்க எதிரிலயே டிக்‌ஷனரிய திறந்து, நீங்க எப்டி தேடுறீங்கன்னு ஒவ்வொரு படியா சத்தமா சொல்லிட்டே தேடுங்க. அடுத்த தடவை அந்த புத்தகத்தை அவங்க கையில குடுத்துட்டு நீங்க கேட்டுட்டு இருங்க.